அந்தப் பத்து ரூபாய் காயின் செல்லும்ங்க!

கள்ளக் காசா, வேறு டிசைனா, அச்சடிக்கும்போது நேர்ந்த பிழையா? உங்கள் கையில் இருக்கும் நாணயத்தை நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள ஓர் எளிய வழிகாட்டி

எங்கள் தெருமுனையில் பூ விற்கும் அக்காவிடம் போன மாதம் ஒரு முழம் மல்லிகை வாங்கினேன். மீதிச் சில்லறை கொடுக்கச் சுருக்குப்பையை அவிழ்த்தவர், அடியில் கிடந்த ஒரு துணி முடிச்சை எடுத்துத் தனியாக ஓரம் வைத்தார்.

"அது என்னக்கா?" என்று கேட்டேன்.

"எல்லாம் பத்து ரூவா காயினு தம்பி. பூ வாங்குறவங்க குடுக்குறாங்க, நானும் வாங்கிப் போட்டுட்டேன். மார்க்கெட்ல பூ எடுக்கப் போனா யாரும் வாங்க மாட்டேங்குறாங்க. செல்லாதாமே?"

முடிச்சை அவிழ்த்து இருவருமாக எண்ணினோம். 43 காயின். அதாவது 430 ரூபாய். பூக்கூடைக்குப் போடும் முதலில் அது பெரிய பங்கு. செல்லுமா செல்லாதா என்ற ஒரே சந்தேகத்தில் மூன்று மாதமாக அந்தப் பணம் முடிச்சுக்குள்ளேயே கிடந்திருக்கிறது.

உங்கள் வீட்டிலும் ஒரு டப்பாவில், உண்டியலில், வண்டிச் சாவி போடும் கிண்ணத்தில் இப்படிச் சில காயின்கள் ஒதுங்கிக் கிடக்கலாம். அவற்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கட்டுரையைப் படியுங்கள். முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: டிசைன் வேறாக இருக்கிறது என்பதற்காக ஒரு நாணயம் கள்ள நாணயம் ஆகிவிடாது. கள்ள நாணயத்தைக் கண்டுபிடிக்க, அதில் என்ன படம் இருக்கிறது என்று பார்ப்பதைவிட, அது எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

"10 கோடு நல்லது, 15 கோடு கள்ளது" – உண்மையா?

இந்த வாட்ஸ்அப் தகவல் உங்களுக்கும் வந்திருக்கும். இரண்டு காயின் படம் போட்டு, ஒன்றில் பச்சை டிக், இன்னொன்றில் சிவப்புப் பெருக்கல் குறி. "மேலே 10 கோடு இருந்தால் ஒரிஜினல், 15 கோடு இருந்தால் டூப்ளிகேட். ரூபாய்க் குறியீடு இல்லாவிட்டால் வாங்காதீர்கள். எல்லோருக்கும் பகிருங்கள்!"

இது தவறான தகவல். இரண்டுமே நல்ல காசுதான். எப்படி என்று பார்ப்போம்.

நடுவில் வெள்ளை, சுற்றி மஞ்சள் என்று இரண்டு உலோகத்தில் வரும் பத்து ரூபாய் நாணயம் 2009-ல் மக்கள் கைக்கு வந்தது. தொடக்க கால நாணயங்களில் ஒரு டிசைன், 15 கோடுகள் கொண்டது. அப்போது ரூபாய்க்கு என்று தனிக் குறியீடே கிடையாது. அந்தக் குறியீட்டுக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது 2010 ஜூலை 15-ல். அதை வடிவமைத்தவர் நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். குறியீட்டோடும் 10 கோடுகளோடும் புதிய நாணயங்கள் 2011 முதல் வந்தன. 2010 ஜூலையில் பிறந்த குறியீடு, அதற்கு முன்பே அச்சான காசில் எப்படி இருக்கும்? அது இல்லாமல் இருப்பதுதானே சரி!

ரிசர்வ் வங்கி இதை ஒரு முறை அல்ல, பல முறை விளக்கிவிட்டது. 2016 நவம்பர் 20-ல் வெளியிட்ட அறிவிப்பில், குறியீடு உள்ளதும் இல்லாததும் செல்லும் என்று சொன்னது. 2018 ஜனவரி 17-ல், அதுவரை 14 டிசைன்களில் பத்து ரூபாய் நாணயம் வந்திருக்கிறது, அத்தனையும் செல்லும் என்று அறிவித்தது. 2019 ஜூன் மாதம் எல்லா மதிப்பு நாணயங்களுக்கும் சேர்த்து மீண்டும் அதையே சொன்னது.

உங்கள் கையில் என்னென்ன டிசைன் இருக்கலாம்?

அக்காவின் 43 காயினையும் படிக்கட்டில் பரப்பி ரகம் ரகமாகப் பிரித்தோம். நீங்களும் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் இந்த வகைகளில் ஒன்றில் அடங்கிவிடும்:

* 2010 வரையிலான ஆண்டு பொறித்தவை: ரூபாய்க் குறியீடு இருக்காது. 15 கோடுகள் உள்ளது இந்தக் காலத்தைச் சேர்ந்ததுதான்.
* 2011 முதல் வந்தவை: ரூபாய்க் குறியீடும், மேலே 10 கோடுகளும் இருக்கும். நம் கையில் அதிகம் புழங்குவது இதுதான்.
* 2019 வரிசை: கோடே இருக்காது. ஓரத்தில் தானியக் கதிர் டிசைன் இருக்கும். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் தடவிப் பார்த்தே அடையாளம் காணும் வகையில் ஒவ்வொரு மதிப்புக்கும் அளவும் எடையும் படிப்படியாகக் கூடும்படி அமைத்த வரிசை இது.
* 2022-ல் வந்தவை: சுதந்திரத்தின் 75-ஆம் ஆண்டு 'அம்ரித் மகோத்சவ்' இலச்சினை இருக்கும். 1 ரூபாய் முதல் 20 ரூபாய் வரை வந்தது.
* நினைவு நாணயங்கள்: ஹோமி பாபா நூற்றாண்டு, ரிசர்வ் வங்கியின் பவள விழா, நாடாளுமன்றத்தின் 60 ஆண்டுகள், கயிறு வாரியத்தின் 60 ஆண்டுகள், அம்பேத்கரின் 125-ஆவது பிறந்த ஆண்டு, சர்வதேச யோகா தினம் என்று பல. இவையும் செல்லும்.

ஐந்து ரூபாயில் காமராஜர், பேரறிஞர் அண்ணா, தஞ்சைப் பெரிய கோயில் ஆகிய படங்கள் உள்ள நாணயத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1995 உலகத் தமிழ் மாநாட்டுக்குத் திருவள்ளுவர் நாணயமும் வந்தது. அவற்றை யாரும் கள்ளக் காசு என்று சொல்லவில்லையே! பத்து ரூபாய்க்கும் அதே நியாயம்தான்.

வருஷத்துக்குக் கீழே ஒரு புள்ளி இருக்கே, அது என்ன?

போன் கேமராவைத் திறந்து, காயினில் ஆண்டு பொறித்திருக்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதற்குக் கீழே ஒரு பொடிக் குறி தெரியும். அந்தக் காசு எந்த ஊரில் அச்சானது என்பதற்கான அடையாளம் அது. நம் நாட்டில் நாணயச்சாலைகள் நான்கு இடங்களில் உள்ளன.

* மும்பை – வைர வடிவக் கட்டம்
* ஹைதராபாத் – ஐந்து முனை நட்சத்திரம்
* நொய்டா – வட்டப் புள்ளி
* கொல்கத்தா – குறி எதுவும் இருக்காது

கடைசி வரியைக் கவனியுங்கள். "இதுல புள்ளி இருக்கு, அதுல இல்ல. அப்போ ஒண்ணு டூப்ளிகேட்" என்று நினைப்பவர்கள் உண்டு. குறி இல்லாதது கொல்கத்தாவில் அச்சானது, அவ்வளவுதான். 1985-ல் தேவை அதிகமானதால் வெளிநாட்டு நாணயச்சாலைகளிலும் நம் காசு அச்சடிக்கப்பட்டது. அப்படிப்பட்ட பழைய காசில் வேறு குறியும் இருக்கலாம்.

இன்னொரு விஷயம். நாணயத்தை வெளியிடுவது மத்திய அரசு. அதை வங்கிகள் வழியாக மக்களிடம் சேர்ப்பது ரிசர்வ் வங்கி. 'நாணயச் சட்டம் 2011' என்ற தனிச் சட்டம் இதற்கு இருக்கிறது.

சைஸ் மாறினாலும் பயப்பட வேண்டாம்

ஒரே மதிப்புக் காசு காலத்துக்குக் காலம் சின்னதாவதும் உலோகம் மாறுவதும் சாதாரணம். ஒரு ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். 1992-ல் வந்த எஃகு நாணயம் 25 மி.மீ. அகலம். 2011-ல் அது ஏறக்குறைய 22 மி.மீ. ஆனது. 2019 வரிசையில் 20 மி.மீ. இரண்டு ரூபாயும் அப்படியே 27-லிருந்து 25-க்கும், பிறகு 23-க்கும் இறங்கியது.

இதனால்தான் பழைய ஒரு ரூபாயும் 2011-க்குப் பின் வந்த இரண்டு ரூபாயும் ஒரே அளவில் இருக்கின்றன. அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டு, "காசு சரியில்ல" என்று சண்டை போட்டவர்கள் உண்டு. காசு சரிதான். எண்ணைப் பார்த்துக் கொடுக்கவில்லை, அதுதான் தவறு.

ஐந்து ரூபாயில் மாற்றம் இன்னும் அதிகம். 1992-ல் வந்த தடித்த வெள்ளைக் காசு 9 கிராம் எடை. பிறகு 2007-ல் மெல்லிய எஃகு நாணயம் வந்தது. 2009-ல் பித்தளை நிறத்தில் வந்தது 6 கிராம். மூன்றையும் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாததுபோல் இருக்கும். மூன்றும் செல்லும்.

20 ரூபாய் நாணயத்தைப் பார்த்து இன்னும் பலருக்குத் தயக்கம் இருக்கிறது. 12 பக்கம் கொண்டது. வெளியே வெள்ளை, உள்ளே மஞ்சள், அதாவது பத்து ரூபாய்க்கு நேர் மாறு. விளிம்பில் கோடுகள் இருக்காது. இதன் வடிவமே அதுதான். தாராளமாக வாங்கலாம்.

அச்சுப் பிழை வேறு, கள்ளக் காசு வேறு

அக்காவின் காயின்களில் ஒன்றைப் பார்த்து எனக்கே சந்தேகம் வந்தது. ஒரு பக்கம் கரை தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் டிசைன் லேசாக விலகி இருந்தது. "அப்போ இது ஒண்ணு கள்ளக் காசு தம்பி" என்று அக்கா ஒதுக்கியே வைத்துவிட்டார். இங்கேதான் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

நாணயம் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் இது புரிந்துவிடும். முதலில் உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டி எடுப்பார்கள். அவற்றின் ஓரத்தை அழுத்திக் கரை எழுப்புவார்கள். சூடாக்கி இளக்கி, கழுவிச் சுத்தம் செய்வார்கள். பிறகு மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு, சுற்றிலும் ஒரு வளையம். நடுவில் வில்லையை வைத்து ஒரே அடி. அந்த அடியில் தலைப் பக்கமும் பூப் பக்கமும் பதிகிறது. சுற்றியுள்ள வளையம் விளிம்புக் கோடுகளைப் பதிக்கிறது. பத்து ரூபாயில் நடு வில்லையும் வெளி வளையமும் ஒன்றோடொன்று இறுகுவதும் அந்த அடியில்தான்.

இயந்திரம் வேகமாக அடித்துத் தள்ளும்போது, எப்போதாவது ஒன்று சோதனையில் தப்பி வெளியே வந்துவிடும். அப்படி வரும் பிழைகள் சில:

* வில்லை நகர்ந்து, டிசைன் நடுவில் விழாமல் ஓரமாக விழுவது
* அச்சு திரும்பி, ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் சாய்ந்தும் இருப்பது
* அச்சில் விரிசல் விழுந்து, காசின் மேல் மெல்லிய கோடு ஒன்று மேடாகத் தெரிவது
* அச்சின் பள்ளத்தில் தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ அடைத்து, ஓர் எழுத்து மங்கலாகப் பதிவது
* ஒரு பக்கம் பதிந்து, மறுபக்கம் வெறுமையாக இருப்பது

இவையெல்லாம் அரசு நாணயச்சாலையில், அரசின் அச்சில் பிறந்த காசுகள். பிழையோடு பிறந்தாலும் கள்ளக் காசு ஆகாது. கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. பிழை ஓர் இடத்தில் இருக்கும், மற்ற இடமெல்லாம் துல்லியமாக இருக்கும். விலகி விழுந்த டிசைனிலும் எழுத்து கூர்மையாகத்தான் இருக்கும். கள்ளக் காசில் டிசைன் சரியான இடத்தில்கூட இருக்கலாம், ஆனால் காசு முழுவதும் ஒரு மழுங்கல் தெரியும்.

அக்கா ஒதுக்கிவைத்த அந்தக் காயினில் எழுத்து கூர்மை, விளிம்பு சுத்தம். எடையும் சரி. டிசைன் விலகல் மட்டும்தான் குறை.

சரி, கள்ள நாணயத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கள்ள நாணயமே இல்லை என்று சொல்ல முடியாது. 2016-ல் டெல்லியில் 5 ரூபாய், 10 ரூபாய் கள்ள நாணயம் தயாரித்த ஒரு தொழிற்கூடத்தைப் போலீசார் பிடித்தார்கள். எனவே எச்சரிக்கை தேவைதான். ஆனால் எதைப் பார்ப்பது என்று தெரிந்து பார்க்க வேண்டும்.

முதல் விதி: சந்தேகக் காசை அதே மதிப்பு, அதே டிசைன் உள்ள நல்ல காசோடு மட்டும் ஒப்பிடுங்கள். 15 கோடு காயினை 10 கோடு காயினோடு ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்து, கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள்.

1. எழுத்தும் சிங்கமும்: நல்ல காசில் சிங்கத் தலையின் பிடரி, கீழே உள்ள எழுத்து, ஆண்டின் எண்கள் எல்லாம் கூர்மையாக மேலெழுந்து நிற்கும். வார்ப்பில் ஊற்றிச் செய்த கள்ளக் காசில் சோப்பில் அச்சு எடுத்ததுபோல வழவழவென்று இருக்கும்.

2. மேற்பரப்பு: எழுத்துகளுக்கு இடையே உள்ள வெற்றிடத்தைப் பாருங்கள். பொடிப் பொடிக் குழிகள், குமிழிகள் தெரிந்தால் வார்ப்புக் காசாக இருக்கலாம். கீறலும் தேய்மானமும் வேறு, அவை நல்ல காசிலும் வரும்.

3. விளிம்பு: காசைச் செங்குத்தாக நிறுத்தி ஓரத்தைச் சுற்றிப் பாருங்கள். கோடுகள் உள்ள காசில் அவை ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் ஒட்டுப்போட்டதுபோல் ஒரு வரி ஓடினால், அரம் வைத்துத் தேய்த்த தடம் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் தடித்த பழைய ஐந்து ரூபாயின் விளிம்பில் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். அது பாதுகாப்புக்காக அரசே வைத்தது.

4. இரு உலோகச் சேர்க்கை: பத்து ரூபாயில் வெள்ளையும் மஞ்சளும் சேரும் இடம் இரண்டு பக்கமும் இறுக்கமாக, சரியான வட்டமாக இருக்க வேண்டும். நடுப்பகுதி ஆடினாலோ, ஒரே உலோகத்தின் மேல் நிறம் பூசி இரண்டாகக் காட்டியிருந்தாலோ அது நல்ல காசு அல்ல. பூச்சாக இருந்தால் தேய்ந்த இடத்தில் அடி உலோகம் எட்டிப் பார்க்கும்.

5. தலையும் பூவும்: காசின் சிங்கம் நிமிர்ந்து நிற்கும்படி பிடித்துக்கொண்டு, புத்தகப் பக்கம் புரட்டுவதுபோல் பக்கவாட்டில் திருப்புங்கள். மறுபக்கமும் நிமிர்ந்தே இருக்க வேண்டும். தலைகீழாக வந்தால், உடனே கள்ளக் காசு என்று சொல்லிவிடாதீர்கள். மேலே சொன்ன அச்சு திரும்பிய பிழையாகவும் இருக்கலாம். மற்ற அடையாளங்களோடு சேர்த்துப் பாருங்கள்.

6. அளவும் எடையும்: பத்து ரூபாய் நாணயத்தின் அகலம் 27 மி.மீ. பள்ளிக்கூட ஸ்கேலில் வைத்தால் 2.7 செ.மீ. ரூபாய்க் குறியீடும் 10 கோடுகளும் உள்ள நாணயத்தின் எடை 7.71 கிராம். ஒற்றைக் காசைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்ப்பது கஷ்டம். அதே டிசைனில் பத்துக் காசு சேர்த்து வைத்தால் 77 கிராம் வரும். புழங்கித் தேய்ந்த காசு இம்மி குறையலாம். ஒற்றைக் காசில் கிராம் கணக்கில் வித்தியாசம் வந்தால்தான் கவனிக்க வேண்டும்.

இந்த ஆறில் ஒன்று மட்டும் பொருந்தவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம். இரண்டு மூன்று சேர்ந்து இடித்தால்தான் சந்தேகம் வலுக்கும்.

நம்பக்கூடாத சோதனைகள்

"காந்தத்துல ஒட்டுனா டூப்ளிகேட்" என்று சொல்வார்கள். எஃகில் செய்த ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயம் காந்தத்தில் ஒட்டும். பழைய தடித்த ஐந்து ரூபாய் ஒட்டாது. 2007-ல் வந்த ஐந்து ரூபாய் ஒட்டும். எல்லாமே நல்ல காசு. எனவே காந்தம் வைத்து மட்டும் முடிவு சொல்ல முடியாது. தரையில் தட்டி ஓசை கேட்பதும் அப்படித்தான். இரண்டு உலோகக் காசின் ஓசை வேறு, ஒரே உலோகக் காசின் ஓசை வேறு. கறுத்துப்போன காசையும் ஒதுக்காதீர்கள். உண்டியலில், மண்ணில், தண்ணீரில் கிடந்தால் எந்தக் காசும் கறுக்கும்.

சந்தேகக் காசு கையில் இருந்தால்

"நமக்கு வந்துடுச்சு, யார் தலையிலாவது கட்டிடுவோம்" என்று மட்டும் நினைக்காதீர்கள். கள்ள நாணயம் என்று தெரிந்தே அதை நல்ல காசாக மாற்றுவது, பாரதிய நியாய சன்ஹிதா 179-ஆவது பிரிவின்படி 10 ஆண்டு வரை, ஏன், ஆயுள் சிறை வரைகூடக் கிடைக்கக்கூடிய குற்றம். மாற்றும் எண்ணத்தோடு தெரிந்தே வைத்திருப்பதும் 180-ஆவது பிரிவில் குற்றம்தான். அறியாமல் உங்கள் கைக்கு வந்துவிட்டது என்றால் பயப்படத் தேவையில்லை. தெரிந்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

அதைத் தனியாக ஓர் உறையில் போட்டு, எங்கே, எப்போது வந்தது என்று குறித்துவைத்து, உங்கள் வங்கிக் கிளையிலோ காவல் நிலையத்திலோ கொடுங்கள். உரசியோ வெட்டியோ சோதித்துப் பார்க்காதீர்கள். நல்ல காசாக இருந்து நீங்கள் வெட்டிவிட்டால், சிதைக்கப்பட்ட நாணயம் என்ற காரணத்தால் அது சட்டப்படி செல்லாததாகிவிடும்.

நல்ல காசை வாங்க மறுத்தால்

* நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நாணயங்கள், ஒரு பரிவர்த்தனையில் 1,000 ரூபாய் வரை செல்லும். 50 பைசா நாணயம் 10 ரூபாய் வரை செல்லும்.
* 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. உண்மையிலேயே செல்லாத காசு என்றால் இவைதான்.
* வங்கியில் உங்கள் கணக்கில் செலுத்தும் நாணயத்துக்கு ரிசர்வ் வங்கி உச்ச வரம்பு எதுவும் வைக்கவில்லை. வங்கிக் கிளைகள் நாணயங்களை ஏற்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். 100, 100-ஆக எண்ணிப் பையில் போட்டுக் கொண்டுபோனால் வேலை சுலபமாக முடியும்.
* வங்கிக் கிளை மறுத்தால் எழுத்து மூலம் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வரவில்லை என்றாலும், பதில் திருப்தியாக இல்லை என்றாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையதளம் வழியாகப் புகார் அனுப்பலாம். விவரம் கேட்க 14448.
* பத்து ரூபாய் நாணயம் பற்றிய சந்தேகத்துக்கு ரிசர்வ் வங்கி 14440 என்ற எண்ணை அறிவித்திருக்கிறது. மிஸ்டு கால் கொடுத்தால், திரும்ப அழைத்துப் பதிவு செய்த விளக்கத்தைச் சொல்வார்கள். கடைக்காரர் தயங்கினால், வாக்குவாதம் செய்வதைவிட இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள்.

"உங்க பழைய காயினுக்கு 5 லட்சம்!" – உஷார்

அச்சுப் பிழை பற்றிப் படித்ததும், "அப்போ என்கிட்ட இருக்கிற காயினுக்கு நல்ல விலை கிடைக்குமா?" என்று தோன்றலாம். நாணயம் சேகரிப்பவர்கள் சிலவகைப் பிழைக் காசுகளுக்குக் கூடுதல் விலை கொடுப்பது உண்மை. ஆனால் உங்கள் போனில் வரும் லட்சக்கணக்கான ரூபாய் விளம்பரம் வேறு கதை. "காயின் போட்டோ அனுப்புங்க" என்று தொடங்கும். பிறகு பதிவுக் கட்டணம், வரி, கமிஷன் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும்கூடக் காட்டுவார்கள்.

2021 ஆகஸ்ட் 4-ல் ரிசர்வ் வங்கி இதைப் பற்றியே எச்சரித்தது. பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் வேலையில் ரிசர்வ் வங்கி ஈடுபடுவதில்லை, அதற்காக யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதும் இல்லை. விற்பவரிடமே முதலில் பணம் கேட்டால் அது மோசடி. பணத்தை இழந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு இருக்கிறது.

அந்த 43 காயின் என்ன ஆச்சு?

மறுநாள் அக்காவோடு நானும் அவருடைய வங்கிக் கிளைக்குப் போனேன். காசாளர் எண்ணிப் பார்த்தார். விலகி அச்சான அந்த ஒரு காயினை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, மற்றவற்றோடு சேர்த்துப் போட்டார். 43-ம் கணக்கில் ஏறியது. பாஸ்புக்கில் 430 என்று பதிந்ததை அக்கா விரலை வைத்துப் பார்த்துக்கொண்டார்.

வெளியே வரும்போது, "மூணு மாசமா சும்மாவே பயந்து கெடந்திருக்கேன் பாரு தம்பி" என்றார்.

அடுத்த முறை யாராவது பத்து ரூபாய் காயினை உங்களிடம் நீட்டினால், கோட்டை எண்ணாமல் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒதுக்கி வைத்திருப்பதையும் எடுத்துச் செலவு செய்யுங்கள். "செல்லாதாமே" என்று யாராவது சொன்னால், 14440-க்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லுங்கள்.